ரெண்டு விரல் தாடி

நான் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவன். முகூர்த்தம் இல்லாத நாட்களில் மதுரைத் தெருக்களில் சுற்றி, முன்பின் தெரியாத, ஆனால் பார்த்தவுடன் ஒரு மிடுக்குத் தெரிகிற ஆட்களைப் படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் போடுவேன். சுங்குடிச் சேலைக்கு ஓட்டக்காரர்கள் போடும் ஷூவை மாட்டிக்கொண்டு காய்கறி வாங்கும் அம்மா, கறுப்புச் சட்டைக் கையை மடித்துவிட்டு மல்லிகை அளக்கும் பூக்கடைக்காரர், இப்படி. கேட்டுவிட்டு எடுத்தால் எல்லாரும் சட்டையை இழுத்துவிட்டு ஆதார் அட்டை முகத்துக்குப் போய்விடுவார்கள். அதனால் எடுத்த பிறகு கேட்பேன். பல நேரம் கேட்கவே மாட்டேன். அதற்குக் கலை என்று நானே பெயர் வைத்திருந்தேன்.

முத்துப்பாண்டியையும் அப்படித்தான் எடுத்தேன். கீழமாசி வீதியில் ஒரு மளிகைக் கடை முன்னால், எக்ஸெல் வண்டியில் உட்கார்ந்து ஒரு காலைத் தரையில் ஊன்றியிருந்தான். சாயம் போன நீல நிறக் கம்பெனிச் சட்டை. தலைமுடி கழுத்தில் புரண்டது. தாடி சட்டையின் மேல் பொத்தான் வரை இறங்கியிருந்தது. காசு கொடுத்து அலங்காரம் செய்துகொண்டவனுக்குக்கூட அந்தக் களை வராது. மூன்று நாளில் நாலு லட்சம் பேர் அந்தப் படத்தைப் பார்த்தார்கள்.

நாலாம் நாள் வெள்ளைத்துரை என்ற பையன் போன் செய்தான். அண்ணா நகரில் புதிதாக சலூன் திறக்கிறானாம். திறப்பு அன்று முதல் நாற்காலியில் அந்தத் தாடிக்காரர்தான் உட்கார வேண்டுமாம்.

"ஆள மட்டும் கூட்டியாங்கண்ணே. அந்தத் தாடிய எப்படிச் செதுக்குறேன்னு பாருங்க" என்றான்.

எனக்கும் ஆசைதான். கல்யாண மண்டபத்துப் புகையிலிருந்து தப்பித்து விளம்பரப் படம் எடுக்கும் ஆளாக வேண்டும் என்று எத்தனை நாள் கனவு. முத்துப்பாண்டி கப்பலூரில் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறான் என்று படத்துக்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள். போனேன். இயந்திரத்தில் சிக்கிவிடாமல் இருக்கத் தாடியைத் துணியால் முடிந்து சட்டைக்குள் விட்டிருந்தான். சூப்பர்வைசர் அதற்காகத் திட்டிக்கொண்டிருந்தார். இவ்வளவு கஷ்டப்பட்டுத் தாடி வளர்க்கிறவனுக்குத் தன் அழகின் மேல் எத்தனை கர்வம் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"வேணாம்ணே. முடியில கத்திரி படக்கூடாது" என்றான்.

"ஏன்?"

"சும்மாதாண்ணே" என்று சிரித்தான்.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். நாலு நாள் அவன் வேலை முடியும் நேரத்துக்குப் பட்டறை வாசலில் போய் நின்றேன். இல்லை என்று அழுத்திச் சொல்லத் தெரியாத ஆள். அது முகத்திலேயே எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் பேசினேன்.

"கத்திரியே படாது. சீவி மட்டும் விடுவாங்க, நான் படம் எடுப்பேன், அம்புட்டுத்தான்."

"சத்தியமாவாண்ணே?"

"சத்தியமா."

வீட்டுக்கு வந்ததும் வெள்ளைத்துரைக்குப் போன் செய்தேன். "உக்காந்ததும் கீழ ரெண்டு விரல் அளவுக்கு எடுத்துரு. எடுத்துட்டா அவனுக்கே பிடிச்சுரும்" என்றேன். "ஆளு சம்மதம்தானண்ணே?" என்று கேட்டான். சம்மதம்தான் என்றேன்.

திறப்பு நாளில் முத்துப்பாண்டி சலவைச் சட்டை போட்டு வந்திருந்தான். வெள்ளைத் துணி போர்த்தி, சீவி, எண்ணெய் தடவினார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். நான் கேமராவில் வீடியோவை ஓட விட்டேன். கத்திரிச் சத்தம் கேட்டதும் கண்ணைத் திறந்தான். அதற்குள் முடி துணியில் விழுந்துவிட்டது.

கத்துவான், சட்டையைப் பிடிப்பான் என்று பார்த்தேன். ஒன்றுமில்லை. துணியில் கிடந்த முடியைப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்தான். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டான்.

"என் சம்சாரத்துக்கு ஏழு மாசம்ணே. இதுக்கு முன்னாடி மூணும் தங்கல. பிள்ள பொறக்குற வரைக்கும் முடியில கத்திரி வைக்க மாட்டேன்னு பாண்டி கோயில்ல நேர்ந்திருக்கேன்."

மனைவி உண்டாகியிருந்தால் புருஷன் முடி வெட்டக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தாடியைப் பார்த்ததும் "வீட்ல விசேஷமா?" என்று கேட்ட ஊர் இது. இப்போது பத்துப் பேரில் ஏழு பேருக்குத் தாடி இருப்பதால் யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா" என்றேன், என்னவோ தப்பு அவனுடையது மாதிரி.

"வெளிய சொல்லப் பயம்ணே. மூணு தடவையும் சொன்னோம். மூணும் போச்சு."

இத்தோடு நான் நிறுத்தியிருந்தால் இந்தக் கதையைச் சொல்லும்போது இவ்வளவு கூசாது. அன்று சாயங்காலமே அந்த வீடியோவைப் போட்டேன். கத்திரி விழும்போது அவன் கண் திறக்கிற அந்த ஒரு நொடியை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

ஐந்து நாள் கழித்து அவனே கூப்பிட்டான். அவன் மனைவி தாமரைச்செல்வியிடம் பக்கத்து வீட்டுக்காரி வீடியோவைக் காட்டிவிட்டாளாம். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, இப்படியே போனால் பிள்ளைக்கு ஆகாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாராம்.

"நடந்தத நடந்தபடி வந்து அவகிட்ட சொல்லிருங்கண்ணே. உங்க வாயால கேக்கணுங்கறா."

வீடியோவை உடனே அழித்தேன். ஏற்கெனவே பத்துப் பேர் எடுத்துப் போட்டிருந்தார்கள். மறுநாள் காலையில் கீழக்குயில்குடிக்குக் கிளம்பினேன். காளவாசலில் இருந்து நாகமலை வரை, நான்தான் வெட்டச் சொன்னேன், நான்தான் பொய்ச் சத்தியம் செய்தேன் என்று வண்டியிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். நன்றாகத்தான் வந்தது.

சமணர் மலை தெரியும்படி சின்ன ஓட்டு வீடு. தாமரைச்செல்வி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. முத்துப்பாண்டி சுவரோரம் நின்றான். குட்டையான அந்தத் தாடியை என்னால் பார்க்க முடியவில்லை.

"என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்கண்ணே" என்றாள். குரலில் கோபமே இல்லை.

வாயைத் திறந்தேன். "கடைக்காரன் தெரியாமப் பண்ணிட்டாம்மா. கத்திரி படக்கூடாதுன்னு நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். சின்னப் பையன், ஆர்வத்துல கைய வச்சுட்டான்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எவ்வளவு சுலபமாக வந்தது என்று எனக்கே ஆச்சரியம். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"வேற ஒண்ணும் இல்லையாண்ணே?"

"வேற என்னம்மா? அம்புட்டுத்தான்."

"சரிண்ணே. காப்பி குடிங்க" என்று எழுந்து உள்ளே போனாள்.

குடித்தேன். பாரம் இறங்கிய மாதிரிகூட இருந்தது. இரும்புச் சத்து மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும் என்று அவளுக்கு அறிவுரை வேறு சொன்னேன். வெட்கம் கெட்டவனுக்கு நாக்கு மட்டும் குறைவில்லாமல் வேலை செய்கிறது.

முத்துப்பாண்டி வண்டி வரைக்கும் கூட வந்தான்.

"கடைக்காரத் தம்பி முந்தாநாளே வந்துட்டுப் போயிருச்சுண்ணே" என்றான். "நீங்க போன்ல சொன்னதெல்லாம் அழுதுகிட்டே சொல்லுச்சு."

"வீட்ல தெரியுமா?"

"அவகிட்டத்தான் சொல்லுச்சு."

"பெறகு என்னைய எதுக்கு வரச் சொன்ன?"

"செஞ்சவுகளே வந்து வாயால ஒத்துக்கிட்டா அந்தக் குத்தம் பிள்ளய அண்டாதுன்னு அவளுக்கு ஒரு நம்பிக்க. நேத்து நீங்க வாரேன்னு சொன்னதும் ராத்திரி ரெண்டு இட்லி சாப்ட்டா."

நான் செருப்பைக் கழற்றினேன். "இரு, இப்பவே போய்ச் சொல்லிர்றேன்" என்று வாசலைப் பார்த்துத் திரும்பினேன்.

அவன் என் கையைப் பிடித்தான். மெதுவாகத்தான் பிடித்தான்.

"வேணாம்ணே. இப்பப் போய்ச் சொன்னா நான் சொல்லிக்குடுத்துச் சொன்னதா ஆயிரும். அவளுக்கு அது பத்தாது."

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. நான் குடித்த டம்ளராகத்தான் இருக்கும். செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டேன்.