ஓடையில் இறங்கிய மாளிகைப்புறம்

ஐம்பது வயது தாண்டியதும் ஒச்சம்மாள் செய்த முதல் காரியம் சபரிமலைக்கு மாலை போட்டதுதான். மட்டாஞ்சேரியிலிருந்து கிளம்பும் வேன்களை வருஷக்கணக்காக வழியனுப்பி வைத்தவள், அந்தக் கார்த்திகை முதல் தேதி விடியற்காலையில் குளித்து, கறுப்புச் சேலை கட்டி, குருசாமி செல்லதுரையின் முன்னால் போய் நின்றாள். செல்லதுரைக்கு இஸ்திரிக் கடை. பதினெட்டு வருஷமாக மலைக்குப் போகிறவர்.

“இன்னையிலருந்து நீங்க மாளிகைப்புறம்” என்றார், துளசி மாலையை அவள் கழுத்தில் போட்டுவிட்டு. “மலைக்குப் போற பொம்பளைக்கு அதுதான் பேரு. யாரப் பாத்தாலும் சாமின்னுதான் கூப்பிடணும். பச்சப்புள்ளயா இருந்தாலும் சாமி, சண்டக்காரனா இருந்தாலும் சாமி.”

ஒச்சம்மாள் ஒன்றை எடுத்துக்கொண்டால் அரைகுறையாக விடுகிறவள் அல்ல. அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

அவளுக்குக் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. நாற்பத்தோரு நாள் மண்டலம் முழுக்க லீவு எடுக்க முடியாது என்றதும், “சாக்கடைப் பக்கமாவது போகாதீங்க, விரதம் கெட்டுரும்” என்று செல்லதுரை கேட்டுக்கொண்டார். சூப்பர்வைசர் விபின் நல்லவன். பஜார் தெருவைப் பெருக்கும் வேலையை மட்டும் அவளுக்குக் கொடுத்தான்.

மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்களையும் ஆட்டோக்காரர்களையும் அவள் சாமி என்று கூப்பிட்டாள். முதலில் சிரித்தார்கள். ஒரு வாரம் போனதும் அவர்களே “சாமீ, சாயா குடிச்சோ?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதெல்லாம் சுலபமாக இருந்தது. கஷ்டம் சந்தீப்பிடம்தான்.

சந்தீப் பக்கத்துச் சந்தில் இருப்பவன். படுத்த படுக்கையாக இருக்கும் தாயார் மஞ்சுஷாவைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறவன். ஒருநாள் காலை, பெருக்கிய தூசி தன் ஸ்கூட்டரில் படிந்துவிட்டது என்று நடுத்தெருவில் வைத்து அவளைக் கண்டபடி பேசிவிட்டான். மற்ற நாளாக இருந்தால் ஒச்சம்மாள் கொடுக்கும் பதில் பள்ளுருத்தி வரை கேட்டிருக்கும். அன்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, “சரி சாமி, தொடச்சுத் தாரேன்” என்றாள். அவன் முறைத்துவிட்டுப் போனான்.

“வாய் சாமின்னு சொல்லிருச்சு. மனசு சொல்லலடி” என்றாள், சாயங்காலம் மகள் சுமாவிடம்.

“அதுக்கு என்ன செய்யணும்?”

“சொல்லிக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.”

தினமும் சொன்னாள். அவன் திரும்பிப் பார்க்காமல் போனாலும் சொன்னாள். பதினைந்து நாள் ஆனபோது அந்த வார்த்தையில் கசப்பு இல்லாமல் போயிருந்தது.

மார்கழி பௌர்ணமியன்று விடிவதற்குள் காயல் பொங்கிச் சந்துகளுக்குள் ஏறியது. வருஷாவருஷம் நடப்பதுதான், எட்டு மணிக்குக் கடலேற்றம் இறங்கினால் தண்ணீரும் வடிந்துவிடும். அன்று எல்லாச் சந்தும் வடிந்தது. சந்தீப் வீட்டுச் சந்து மட்டும் வடியவில்லை. சிறு பாலத்தின் அடியில் ஓடை அடைத்துக்கொண்டு, கழிவுநீரும் சேர்ந்து ஏறிக்கொண்டிருந்தது.

சந்தீப் முழங்கால் தண்ணீரில் ஓடிவந்தான். “அம்ம கட்டில்லாணு. வெள்ளம் கட்டில் வரைக்கும் வந்நு. யாராவது வாங்க.”

விபின் போனில் கத்திக்கொண்டிருந்தான். ஓடை அடைப்பு எடுக்கும் ஆட்கள் எல்லாரும் துறைமுகப் பக்கம் போயிருந்தார்கள். வர ஒரு மணி நேரம் ஆகும். ஒச்சம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ரப்பர் பூட்ஸை மாட்டினாள்.

“சேச்சி, வேண்டா. மாலை இட்டிருக்கல்லே” என்று விபின் தடுத்தான்.

“மாலை பாட்டுக்கு இருக்கட்டும். அந்தக் கொக்கிக் கம்பியக் குடுங்க சாமி.”

துளசி மாலையை ரவிக்கைக்குள் சொருகிக்கொண்டு இறங்கினாள். இடுப்பளவு தண்ணீர். கம்பி எதிலோ மாட்டியது; இழுத்தாள், வரவில்லை. விபினும் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினான். இருவரும் சேர்ந்து இழுத்ததில் யாரோ தூக்கிப்போட்ட ஒரு பழைய மெத்தை, குப்பையும் பிளாஸ்டிக்குமாகப் பிய்த்துக்கொண்டு வந்தது. அடைத்திருந்த தண்ணீர் பெரும் சத்தத்தோடு பாய்ந்து ஓடியது.

அவள் அதோடு நிற்கவில்லை. கையைக் கழுவிவிட்டு நேராக வீட்டுக்குள் போனாள். விரிப்பு நனைந்திருந்தது. மஞ்சுஷா பயத்தில் நடுங்கிக்கொண்டிருந்தார்.

“சாமி, நீங்க தோளப் பிடிங்க. நான் காலப் பிடிக்கிறேன்.”

சந்தீப் பிடித்தான். இருவருமாக அவரை எதிர்வீட்டு மாடிக்குத் தூக்கிப் போனார்கள். ஒச்சம்மாள் உடம்பைத் துடைத்து, உலர்ந்த துணி மாற்றிவிட்டாள். சந்தீப் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

செய்தி மதியத்துக்குள் இஸ்திரிக் கடைக்குப் போய்விட்டது. சாயங்காலம் குளித்து, சரணம் சொல்லிவிட்டு அவள் அங்கே போனபோது செல்லதுரை பெட்டியை நிறுத்தி வைத்தார்.

“தப்புன்னு சொல்ல வரல. ஆனா விரதம் முறிஞ்சிருச்சு. மாலையக் கழட்டிட்டு அடுத்த வருஷம் போடுங்க.”

“எங்க சாமி முறிஞ்சது?”

“சாக்கடையில இறங்கினீங்கல்ல.”

“யாரப் பாத்தாலும் சாமின்னு கூப்பிடச் சொன்னீங்க. கூப்பிட்டேன். அந்தச் சாமி தண்ணியில கெடக்கும்போது நான் கரையில நின்னிருந்தா, அப்பத்தான் முறிஞ்சிருக்கும்.” அவள் குரல் உயரவில்லை. “மாலையக் கழட்ட மாட்டேன். நீங்க இருமுடி கட்டலன்னா திருப்பூணித்துறையில கோயில் இருக்கு, அங்க கட்டிக்கிட்டு பஸ்ஸுல போறேன். உங்க மேல வருத்தமில்ல.”

அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். அன்று படுத்ததும் தூங்கிப்போனாள்.

மறுநாள் செல்லதுரை அந்தச் சந்துக்குப் போனார். சுவரில் தண்ணீர் ஏறிய கோட்டைப் பார்த்தார். மஞ்சுஷாவிடம் பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருந்தார். பிறகு குழுவைக் கூட்டி, ஒச்சம்மாளும் வருகிறாள் என்று சொன்னார். இரண்டு பேர் ஒப்புக்கொள்ளாமல் இடப்பள்ளிக் குழுவோடு சேர்ந்துகொண்டார்கள். அவர்களைத் தடுக்க அவர் போகவில்லை.

இருமுடிக் கட்டு நிறைக்கும் நாளில் ஒச்சம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்தாள். தேங்காய்க்குள் அவள் நெய் ஊற்ற, செல்லதுரை அதன் கண்ணை அடைத்து, இருமுடியைத் தூக்கி அவள் தலையில் வைத்தார். எல்லார் காலையும் தொட்டு வணங்கும் முறைப்படி அவள் குனியப்போக, அவர் முந்திக்கொண்டு குனிந்தார்.

நீலிமலை ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்தாள். யாரையும் தூக்கிவிடச் சொல்லவில்லை. பதினெட்டாம் படிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது என்ன வேண்டிக்கொள்வதென்று அவளுக்குத் தோன்றவில்லை. கேட்க ஒன்றுமில்லாத நிறைவோடு வலது காலை எடுத்து முதல் படியில் வைத்தாள்.