ஒரே கட்டுக் கரணை

ஏழாயிரம்பண்ணைக்குக் கிழக்கே இருந்த அந்தக் கரிசல் ஊரில் இருளம்மாளின் கையைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னவர் கிடையாது. கல்யாணமாகி வந்த வருஷம் மாமியார் ஆசையாகக் கம்பு விதையை அவள் மடியில் கொட்டி, முதல் பிடியைத் தூவச் சொன்னாள். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மழை ஊருக்கே பெய்யவில்லையே, புதிதாக வந்த பெண் என்ன செய்வாள் என்று கேட்க ஒரு ஆத்மாவும் இல்லை. மறுவருஷம் விதைப்பெட்டி நாத்தனார் ராக்காயியிடம் போனது. கம்பு விளைந்து தள்ளியது. அன்றைக்கே ஊர் முடிவு கட்டிவிட்டது. ராக்காயி கைராசிக்காரி. இருளம்மாள் கை விளங்காத கை.

ராக்காயி, இருளம்மாளின் புருஷன் உக்கிரபாண்டிக்குத் தங்கை. அவளைக் கட்டியவன் கங்காணியோடு கண்டித் தோட்டத்துக்குப் போனான், போனவன் போனவன்தான். ஆனாலும் கழுத்தில் தாலி கிடந்ததால் ஊர்க் கணக்கில் அவள் சுமங்கலி. விதைப்பு வந்தால் காட்டுக்குக் காடு அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் முதல் பிடியைத் தூவிய பிறகுதான் ஏர் நகரும். களத்தில் கதிர் அடித்ததும் ஆளுக்கொரு பெட்டி தானியம் அவள் வீட்டுக்குப் போகும். அந்தத் தானியமும், ஒரு பசுமாடும், அப்பன் சீதனமாகக் கொடுத்த கிணறும் அதை ஒட்டிய துண்டு நிலமும்தான் அவளுடைய பிழைப்பு. கிணறோ உக்கிரபாண்டியின் காட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்து அவன் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது.

ஐந்தாண்டுத் திட்டம் என்று ஊருக்கு ஊர் ஜீப் ஓடிய காலம் அது. கிராம சேவக் சீனிவாசகம் ஒருநாள் சைக்கிள் கேரியரில் ஒரு கட்டுக் குச்சியை வைத்துக்கொண்டு வந்தார். நடுவதற்காகத் துண்டு போட்ட கரணைகள், பார்வைக்கு ஒல்லிக் கரும்பு மாதிரி கணுக் கணுவாக இருந்தன.

"இது நேப்பியர் புல்லு. யானைப்புல்லுன்னும் சொல்வாங்க. ஒருதடவை ஊனிட்டா வருஷக்கணக்கா அறுத்துக்கிட்டே இருக்கலாம். சாய்வா ஊனணும். ஒரு கணு மண்ணுக்குள்ள, ஒரு கணு வெளிய. அறுக்கும்போது ஒரு சாண் விட்டு அறுக்கணும். ஈரம் மட்டும் காயவே கூடாது" என்று சொல்லி, ஊரிலேயே நல்ல மாடு வைத்திருந்த உக்கிரபாண்டியிடம் கட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்.

சாயங்காலமே ராக்காயி வந்து நின்றாள். "அண்ணே, எனக்கும் கொஞ்சம் கரணை குடுங்க. மாட்டுக்குச் சோளத்தட்டைகூட இல்ல. எலும்பும் தோலுமா நிக்கு."

விதை கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பினால், அனுப்பியவன் காடு தரிசாகிவிடும் என்பது அந்த ஊரில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். உக்கிரபாண்டி மென்று முழுங்கி, "காலையில வந்து வாங்கிக்கிடு" என்றான்.

அவள் போனதும் பொருமினான். "புல்லு வந்தா அவ மாடு பொழைச்சுக்கிடும். மாடு பொழைச்சுட்டா கிணத்த எப்ப நமக்கு விடப்போறா? குடுக்கலேன்னா ஊரு காறித் துப்பும்."

"குடுத்துருவோம். நீங்க சும்மா இருங்க, நான் பாத்துக்கிடுறேன்" என்றாள் இருளம்மாள்.

விடிந்ததும் கட்டை அவிழ்த்துக் கரணைகளை இரண்டு பங்காகப் பிரித்தாள். ஒரு பங்கை ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தாள். இன்னொரு பங்கை, புருஷன் குளிப்பதற்காகக் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீர் அண்டாவில் இறக்கினாள். நெல் அவிப்பதுபோல நிதானமாக, மேலே மிதந்ததைக் கரண்டியால் அமுக்கி அமுக்கி அவித்தாள். பிறகு எடுத்து ஆறவைத்துச் சாணிப்பாலில் முக்கினாள். கரணைக்குச் சாணி நல்லது என்று யாரும் சொல்வார்கள். வெந்த நிறமும் வெளியே தெரியாது. கை நடுங்கியிருக்கும் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நடுங்கவில்லை. அத்தனை வருஷம் அந்த ஊர் அவள் கையைப் பார்த்து முகம் சுளித்ததற்கெல்லாம் சேர்த்து அவித்தாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்த உக்கிரபாண்டி பார்த்துவிட்டு, "அடி சண்டாளி" என்று சிரித்தான். அதைவிடப் பிரியமாக அவன் அவளை ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

ராக்காயி வந்து இரண்டு கையாலும் வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள். "நீங்க நல்லா இருப்பீக மதினி" என்றாள்.

இருவரும் அன்றைக்கே ஊன்றினார்கள். இருளம்மாள் தன் பங்கைத் தன் கையாலேயே ஊன்றினாள். அவர்கள் கிணற்றில் மாடு இழுத்த கமலைத் தண்ணீர் வாய்க்காலில் ஓடி வந்து பாய்ந்தது. ராக்காயிக்கு மாடு கட்டி இறைக்க வழியில்லை. வாளியைக் கிணற்றில் விட்டுக் கையால் இழுத்துக் குடத்தில் ஊற்றிச் சுமந்தாள். ஆடு நுழையாமல் சுற்றிலும் கருவேல முள் வைத்தாள். கறையானுக்குச் சாம்பல் தூவினாள். வெயில் தாங்க வேப்பங்குழையை வெட்டி வந்து ஒவ்வொரு குச்சிக்கும் நிழல் போட்டாள். பிள்ளை இல்லாதவள் பிள்ளை வளர்த்த மாதிரி இருந்தது அந்தக் கவனிப்பு.

இருளம்மாளின் பாத்தியில் பச்சை முளை எட்டிப் பார்த்தது. பத்தடி தள்ளி, வரப்புக்கு அந்தப் பக்கம், குச்சிகள் குச்சிகளாகவே நின்றன.

"மதினி, செத்த வந்து பாருங்களேன். கணு வீங்குன மாதிரித் தெரியுதுல்ல?"

இருளம்மாள் வரப்பைத் தாண்டிப் போனாள். குனிந்து ஒரு கரணையை விரலால் தடவிப் பார்த்தாள். உள்ளே அழுக ஆரம்பித்திருந்தது விரலுக்கே தெரிந்தது.

"ஆமா, வீங்குது. தண்ணிதான் பத்தல. இன்னும் சேத்து ஊத்து" என்றாள்.

ராக்காயி சேர்த்து ஊற்றினாள். கிணற்றில் தண்ணீர் சேற்றோடு சேர்ந்து அடியில் கிடந்தது. கத்தரிச்செடிக்கு ஊற்றுவதை நிறுத்தினாள், அது காய்ந்தது. மாட்டுத்தொட்டியில் பாதியைக் குறைத்தாள். மாடு கறவை வற்றிப்போய்க் கத்தியது. கயிறு இழுத்து இழுத்து உள்ளங்கை தோல் உரிந்து, துணியைச் சுற்றிக்கொண்டு இழுத்தாள். இருளம்மாள் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே பார்த்தாள். ஒருநாள்கூட அலுப்புத் தட்டவில்லை அவளுக்கு.

கடைசியில் ராக்காயி ஒரு கரணையைப் பிடுங்கிப் பார்த்தாள். வேரில்லை. ஒடித்தால் உள்ளே கறுத்து நாறியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு இருளம்மாளின் பாத்தி ஓரத்தில் வந்து நின்றாள். அங்கே புல் முழங்கால் உயரத்துக்குத் தழைத்துக் காற்றில் ஆடியது.

"ரெண்டும் ஒரே கட்டுத்தான மதினி?"

"ஒரே கட்டுத்தான். சேவக்கு சைக்கிள்ல கொண்டாந்த அதே கட்டு."

அதில் ஒரு சொல் பொய் இல்லை. ராக்காயி கரணையைக் கீழே போட்டாள். உரிந்துகிடந்த தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவற்றை முந்தானைக்குள் இழுத்துச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

செய்தி ஊருக்குள் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? ஊரிலேயே அதிகக் காடு வைத்திருந்த பெரிய சம்சாரி கோட்டைச்சாமியே நேரில் வந்து இரண்டு பாத்தியையும் பார்த்தார். ஒரே கட்டு, ஒரே கரிசல், ஒரே நாள் ஊன்றியது. "ராக்காயி கை செத்துப்போச்சப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். புரட்டாசி மழை விழுந்ததும் முதல் பிடி தூவக் கூப்பிட அவர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. ராக்காயி வீட்டுக்கு அல்ல. இருளம்மாள் வீட்டுக்கு. அந்த வருஷம் மழை ஒரு குறையும் வைக்கவில்லை. களத்துத் தானியம் பெட்டி பெட்டியாக இருளம்மாளின் குலுக்கைக்கு வந்து சேர்ந்தது. தானியத்துக்குப் பஞ்சமில்லாத வீடுதான் அது. ஆனாலும் ஒவ்வொரு பெட்டியையும் அவளே இறக்கிவைத்தாள்.

ராக்காயி மாட்டை அண்ணனுக்கே விற்றாள். அடுத்த கோடையில் கிணற்றையும் துண்டு நிலத்தையும் விற்றாள். விலையை அண்ணனே சொன்னான், அவளும் தலையாட்டினாள். தீப்பெட்டி ஆபீசில் கட்டைச் சட்டத்தில் தீக்குச்சி அடுக்கும் வேலைக்குப் போனாள். ஆபீஸ் இல்லாத நாட்களில் அண்ணன் காட்டுக்குப் புல் அறுக்க வந்தாள். அவளுடையதாக இருந்த துண்டு நிலம் பூராவும் இப்போது நேப்பியர்தான் நின்றது. ஒரு சாண் விட்டு, தூர் ஆடாமல், அழகாக அறுப்பாள். தூரைப் பிரித்து வேறிடத்தில் வைக்கும் வேலை வந்தால் மட்டும் அரிவாளைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவாள்.

"அறுக்க வாரேன் மதினி. ஊன்றதுக்கு மட்டும் என்னையக் கூப்பிடாதீக."

வருஷங்கள் போயின. இருளம்மாளின் மகள் பஞ்சம்மாள் தலைப்பிரசவத்துக்கு வந்து ஆண்பிள்ளை பெற்றாள். தீட்டுக் கழித்த அன்று புல்லுக்கட்டைத் தொழுவத்தில் இறக்கிவிட்டு ராக்காயி வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். பஞ்சம்மாள் பிள்ளையை நீட்டினாள். "தூக்குங்கத்த. உங்க பேரன்தான்."

ராக்காயி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "வேண்டாந் தாயி. எங்கை பட்டா எதுவும் துளிராது. தள்ளி நின்னு பாத்துக்கிடுறேன்."

அந்தப் பின்னால் போன கைகள் இருளம்மாளுக்குச் சுருக்கென்று தைத்தன. இரக்கம் என்று நினைக்க வேண்டாம். எரிச்சல். ஒருதடவையாவது இந்தச் சனியன் தன்னைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா, திட்டியிருக்க வேண்டாமா? ஜெயித்தவளுக்கு ஜெயித்ததை ஒருவரிடமாவது சொல்ல வேண்டியிருக்கிறது. வாய்விட்டுக் கத்தினாள்.

"சும்மா கையி கையின்னு பினாத்தாத! உங்கையில ஒரு மண்ணும் இல்ல. அன்னைக்குக் கரணைய வெந்நியில போட்டு அவிச்சுக் குடுத்தது நாந்தான். போதுமா? வெந்த குச்சி யாரு ஊனுனாலும் துளிராது!"

எதிர் வீட்டுப் பெண்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். பஞ்சம்மாள் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். ராக்காயிக்கோ கண் நிறைந்து முகம் மலர்ந்துவிட்டது. இருளம்மாள் எதற்கெல்லாமோ தயாராக இருந்தாள், இதற்கு இல்லை.

"மதினி! எம்மனசு ஆறணும்னு இம்புட்டுப் பெரிய பழியத் தூக்கி உங்க தலையில போட்டுக்கிடுறீகளே! விதைய யாராச்சும் அவிப்பாகளா? பச்சப்பிள்ளகிட்டச் சொன்னாலும் நம்புமா?"

சொல்லிக்கொண்டே நடந்து வந்து, வாசலிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்து இருளம்மாளின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ராசி என்னைய விட்டுட்டு உங்க கைக்கு ஏன் போச்சுன்னு இம்புட்டு நாளும் புரியல. இப்பத்தான் புரியுது. ஒருக்கா எந்தலையில கைய வையுங்க மதினி."

எதிர்வீட்டுக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அண்டாவை, சாணிப்பாலை, அமுக்கிய கரண்டியைச் சொன்னால் ராக்காயி நம்பிவிடுவாள். இன்னொரு தடவை சொன்னால் போதும்.

இருளம்மாள் குனிந்து அவள் தலையில் கையை வைத்தாள்.

"நல்லா இரு" என்றாள்.