மேலே வந்த தொட்டி

மூன்று நாள் மழைக்குப் பிறகு தொட்டித் தண்ணீர் கலங்கலாக வந்தது. தையல்காரர் ஞாயிற்றுக்கிழமை காலையில் மோட்டார் போட்டு அத்தனையையும் தெருவுக்கு இறைத்துவிட்டு, தேநீர் குடிக்க உள்ளே போனார். திரும்பி வந்தபோது, வீட்டுக்குப் பின்னால் தரையோடு தரையாகப் புதைத்திருந்த அந்தப் பிளாஸ்டிக் தொட்டி முழங்கால் உயரத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது.

தரைதான் இறங்கிவிட்டதோ என்று முதலில் நினைத்தார். மதில் இருந்த இடத்திலேயே இருந்தது. மனைவியைக் கூப்பிட்டார்.

“இதை எதுக்குங்க வெளிய எடுத்தீங்க?” என்றாள்.

“ரெண்டாயிரம் லிட்டர் தொட்டி. ஒத்த ஆளா எடுப்பேனா?”

“அப்ப யாரு எடுத்தா?”

அவர் அதன்மேல் ஏறி நின்றார். நாலு விரல் கீழே போனது. இறங்கினார். தொட்டி மெல்ல மேலே வந்தது. மறுபடி ஏறினார், மறுபடியும் அதே கதை. அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

மனைவியின் தம்பிக்குக் குழாய் வேலை. போன வருடம் அந்தத் தொட்டியைப் புதைத்தவனும் அவன்தான். ஆள் விட்டதும் வந்தான். ஒடிந்து தொங்கிய குழாயைப் பார்த்தான். தொட்டியைச் சுற்றித் தளும்பிய மழைத்தண்ணீரில் ஒரு குச்சியை விட்டு ஆழம் பார்த்தான்.

“மாமா, வாளி எடுங்க. உள்ள தண்ணி ரொப்பணும்.”

“இப்பதானே மாப்ள எறச்சுக் கொட்டினேன்?”

“அந்தக் கனம்தான் இதை அமுக்கி வெச்சிருந்துச்சு. சுத்தி மண்ணு பூரா தண்ணி. வெறுந்தொட்டிய அது தூக்கிடுச்சு.”

“மண்ணுக்குள்ள இருக்கறது மிதக்குமா?”

“மண்ணு கூழாயிட்டா மிதக்கும் மாமா.”

“சரி, எந்தத் தண்ணிய ரொப்ப?”

“இந்தக் குழித் தண்ணியத்தான்.”

கழுவ நினைத்த தொட்டிக்குள் தையல்காரர் தன் கையாலேயே சேற்றுத் தண்ணீரை மொண்டு ஊற்றினார். மதியம்வரை மூன்று பேரும் மாற்றி மாற்றி ஊற்றினார்கள். தொட்டி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, அடியில் சேறு சேர்ந்திருந்ததால், ஒரு சாண் வெளியே தெரிய நின்றுவிட்டது.

“தப்பு என்னோடதுதான் அக்கா,” என்றான் தம்பி. “அடியில காங்கிரீட் போட்டு அதோட இதைச் சேத்துக் கட்டியிருக்கணும். புதைச்சாப் போதும்னு விட்டுட்டேன். மழை நின்னு மண்ணு காய்ஞ்சதும் நானே தோண்டி சரி பண்ணித் தர்றேன்.”

அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

“புரிஞ்சுதா மாமா?”

தையல்காரர் தொட்டியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இல்ல. நீ வா, சாப்பிடலாம். அவகிட்ட நான் பேசிக்கறேன்.”