சொக்கம்மாளின் முப்பத்திரண்டு பல்

திருவொற்றியூர் சாலையில் அப்போது ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருந்தது, கண்ணுகளா. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் வாயைப் பற்றிப் பாடம் கேட்க அங்கேதான் வருவார்கள். பல் டாக்டர் ரகுபதி நோயாளிகளின் சொத்தைப் பற்களைக் காட்டிவிட்டு, கடைசியில் வார்டு ஆயா சொக்கம்மாளைக் கூப்பிடுவார்.

"ஆரோக்கியமான வாய்னா இதுதான். எண்ணிப் பாருங்க."

ஐம்பது வயதிலும் முப்பத்திரண்டு பல்லும் முத்து. ஆறு வருஷமாக அதே பாடம்.

"என் வாயப் பாத்துப் படிச்ச டாக்டருங்கோ ஊரெல்லாம் கீறாங்கோ" என்று அவளுக்குப் பெருமை.

முன்பு துறைமுகத்தில் கரி சுமந்தவள் அவள். கடற்காற்றில் சுருட்டு அணையாமலிருக்க, அங்கே பெண்கள் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்பார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தும் அவள் அதை விடவில்லை. நெருப்பு உள்ளே இருந்தால் பெரிய நர்சம்மா கண்ணில் படாதே! பாட நாளில் மட்டும் உப்பு போட்டுத் தேய்த்து, ஏலக்காய் மென்று வருவாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் ஒரு மழைக்காலக் காலை. வானம் இருட்டிக்கொண்டு நின்றது. அன்று பல்லை எண்ணுவது, டோல்கேட் பக்கமிருந்து படிக்க வந்த மஜீதின் முறை. அந்தத் துறைமுகப் பெண்களைப் பார்த்து வளர்ந்தவன். ஏலக்காய்க்கு அடியில் சுருட்டு வாசனை அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"ஆயா, தலையப் பின்னால சாய்ங்க."

"இன்னா நைனா, வாயோட மோட்டுலயா பல்லு மொளைக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். மஜீது டார்ச்சை மேலே திருப்பினான். அண்ணம் முழுவதும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. நடுவில் சிவப்பாக ஒரு குழி. குச்சியால் தொட்டான்.

"வலிக்குதா?"

"இல்லியே."

வலிக்காத புண்தான் ஆபத்து என்று தெரிந்த ரகுபதி, அந்தச் சொல்லைக் கேட்டதும் எழுந்து வந்தார். டார்ச்சை வாங்கி வெகுநேரம் பார்த்தார். ஆறு வருஷத்தில் அவர் பல்லுக்கு மேலே பார்த்ததே இல்லை. பிள்ளைகளையும் பார்க்கச் சொன்னதில்லை.

கரும்பலகையில் இருந்த 'ஆரோக்கியமான வாய்' என்பதைக் கையாலேயே அழித்தார். அந்த இடத்தில் புற்றுநோய்க்கான இங்கிலீஷ் சொல்லை எழுதினார்.

"வரிசையா வாங்க. எல்லாரும் மேலே பாருங்க" என்றார்.

சொக்கம்மாளுக்கு எழுத்து தெரியாது. பலகையைப் பார்த்துவிட்டு மஜீதிடம் கேட்டாள்:

"சார் எழுதிகீறாரே, அது என் பேரா நைனா?"

அவன் அடுத்தவனுக்கு வழிவிட்டு நகர்ந்தான். அவளோ சந்தோஷமாக, அடுத்த பிள்ளைக்கு இன்னும் அகலமாக வாயைத் திறந்தாள்.