திட்டு வாங்கிய லேத்து

பதினெட்டு வருஷக் கைப்பழக்கத்துக்கு மைத்துனன் போட்ட விலை ஒரு சுவர்க்கடிகாரம். அதையும் பெட்டியோடு கொடுக்கவில்லை. கூட்டாகத் தொடங்கிய பட்டறையின் பத்திரத்தில் தன் பெயர் மட்டும் இருக்கும்படி பார்த்துக்கொண்டவன், ஒரு நாள் மாமாவுக்கு வயசாகிவிட்டது, ஓய்வெடுக்கட்டும் என்று வாடிக்கையாளர்கள் முன்னால் சிரித்தபடி அதைக் கையில் திணித்து அனுப்பிவிட்டான்.

லேத்தில் இரும்பு கடையும் கடைசல்காரரான மாமா ஓய்வெடுக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஸ்கூட்டர் நிறுத்தும் கொட்டகையைக் காலிசெய்து, தரைக்குக் காங்கிரீட் போட்டு, சொந்தப் பட்டறைக்குச் சாமான் தேடக் கிளம்பினார். கையிருப்பு கொஞ்சம்தான். நல்ல பழைய லேத்து ஒன்று அமைந்தால் பிழைப்பு ஓடும். அமையாவிட்டால் அதே மைத்துனனிடம் கூலிக்குப் போய் நிற்க வேண்டும். அதற்கு விஷம் குடிக்கலாம் என்பது அவர் கட்சி.

மைத்துனன் கணக்கு வேறு. மாமா வீட்டில் லேத்து ஓடினால் பாதி வாடிக்கை அங்கே போய்விடும். அதனால் அவர் எந்தப் பழைய மிஷின் கிடங்குக்குப் போனாலும் பின்னாலேயே வந்தான். அவர் இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் ஒன்றைப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது கூடுதல் விலை போட்டுத் தூக்கிக்கொண்டு போனான். அடுத்த வாரம் டிரில்லிங் மிஷினும் அப்படியே போயிற்று. அவனுக்கு இரும்பு தெரியாது, மாமாவைத் தெரியும். பிடித்த சரக்கைத்தான் மாமா வாய்க்கு வந்தபடி திட்டுவார். விலை குறைக்கும் வழி அது. எவ்வளவு திட்டோ அவ்வளவு தரம்.

இவன் தன் திட்டைப் பார்த்துத்தான் வாங்குகிறான் என்று உறைத்ததும் கடைசல்காரருக்கு வயிறு குளிர்ந்தது.

கிடங்கில் அன்று இரண்டு லேத்துகள். ஒன்று புதுப் பச்சைப் பெயின்டில் மாப்பிள்ளை மாதிரி நின்றது. மற்றது பழைய கிரீஸ் அப்பி, சாக்கு போர்த்தி மூலையில் கிடந்தது. பச்சை லேத்தின் பெட்டில், உளி நகர்ந்து ஓடும் அந்த நீள இரும்புத் தளத்தில், நகத்தை ஓட்டினார். இரும்பைக் கவ்விச் சுழற்றும் சக்குப் பக்கம் நகம் படியில் இடறுவது போல் இடறியது. மூலையில் இருந்ததன் கிரீஸைத் துடைத்து ஓட்டினார். கண்ணாடியில் போவது போல் போயிற்று. மைத்துனன் வாசலில் தலைகாட்டும்வரை காத்திருந்து, பச்சை லேத்தின் முன்னால் போய்க் குரலை உயர்த்தினார்.

"இது லேத்தாய்யா? சக்குப் பக்கம் பெட் தேஞ்சு குழியா கெடக்கு. இதுல தண்டு கடைஞ்சா கேரட்டுதான் வரும். பெயின்ட் அடிச்சு ஊரை ஏமாத்துறீங்க."

பிறகு மூலைக்குப் போய் மற்றதைத் தட்டிக்கொடுத்து வாயாரப் புகழ்ந்தார். இரண்டும் சத்தியமான வார்த்தை. ஆனால் இத்தனை வருஷத்தில் அவர் ஒரு சரக்கைப் புகழ்ந்து கிடங்குக்காரர் கேட்டதில்லை. புகழ்ந்தது கழிசடைதான் என்று முடிவு கட்டி, ஆள் மனம் மாறுவதற்குள் தள்ளிவிடும் அவசரத்தில் இரும்பு எடைக்கே கொடுத்துவிட்டார். பச்சை லேத்துக்குக் கிடங்குக்காரர் சொன்ன விலைக்கு மேலேயே மைத்துனன் கொடுத்தான், மாமா வாய் திறக்க இடம் விடாமல்.

மாதம் முடியுமுன் முகம் வெளுத்து வீட்டுக்கு வந்தான். பெரிய ஆர்டராம். தண்டு அத்தனையும் ஒரு பக்கம் பருத்திருக்கிறதென்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

"தெரிஞ்சே என் தலையில கட்டிட்டீங்களே மாமா."

"நானா கட்டினேன்? எல்லார் காதுலயும் விழுற மாதிரிதானே சொன்னேன் மாப்ளே. நீ நம்பல."

கடைசல்காரரின் மனைவியான தன் அக்காவிடம் முறையிட்டுப் பார்த்தான். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"இவர் உண்மை பேசறதே அபூர்வம். பேசின அன்னிக்காவது நீ கேட்டிருக்கணும்டா."

தேய்ந்த லேத்துப் பெட்டைக் கையால் சுரண்டிச் சமப்படுத்த அந்த வட்டாரத்தில் இருந்த ஒரே கை கடைசல்காரருடையது. காசு வேண்டாம் என்றார். முதலில் வைஸ் வர வேண்டும், வேலை முடிந்ததும் டிரில்லிங் மிஷின். மைத்துனன் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினான்.

சுரண்டுவது பொறுமையான வேலை. அவர் அதைவிடப் பொறுமையாகச் செய்தார். வாரத்துக்கு ஒரு நாள், டீ குடித்துவிட்டு, தன்னைத் துரத்திய பட்டறையில் மைத்துனன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு. அதற்குள் அங்கே காத்திருந்து அலுத்தவர்கள் ஒவ்வொருவராகக் கொட்டகைக்கு வழி கண்டுபிடித்தார்கள்.

இன்றைய தேதிக்கு நிலவரம்: வைஸ், வரவு. வாடிக்கையாளர்கள் ஏழு பேர், வரவு. டிரில்லிங் மிஷின், வர வேண்டியது. பச்சை லேத்தின் பெட்டில் ஒரு சாண் சமமாகியிருக்கிறது. மீதி முழுவதும் பாக்கி.