இழுப்பறையின் பக்கப்பலகை

அப்பாவின் எழுதுமேசை ரோஸ்வுட் இல்லை என்று அம்மாவிடம் சொன்னது நான்தான். பழைய மரச்சாமான்களை ஏலம் விடும் கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. எந்தச் சாமான் எந்த மரம் என்று பார்த்து அட்டை எழுதுகிற வேலை. அரைகுறையாகக் கற்றவளுக்குக் கை சும்மா இருக்குமா? அப்பா போய்ப் பத்தொன்பது நாள். எனக்கு அழுகையும் வரவில்லை, தூக்கமும் வரவில்லை. கையில் லென்ஸ் இருந்தது, எதிரே மேசை இருந்தது, அவ்வளவுதான்.

இழுப்பறையை உருவி, பாலிஷ் படாத பக்கப்பலகையை பிளேடால் சுரண்டினேன். வெளிறிப்போன, லேசான மரம்.

"சாயம் பூசின சாதா மரம்மா" என்றேன், மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரி.

வீட்டுக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் அந்த மேசையைத் தட்டித் தட்டி, அசல் ரோஸ்வுட் என்று முப்பது வருடம் பீற்றிக்கொண்டவர் அப்பா. அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"இதுல பொய் சொன்னவரு, வலிக்கலைன்னு சொன்னதும் பொய்தானே?"

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அம்மா எப்போது கேட்டாலும், வலி இல்லை என்றுதான் அப்பா சொல்வார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடமாடிக்கொண்டிருந்தாள். நான் அடுத்த துணியை எடுத்து மடித்தேன். அன்றிலிருந்து அம்மாவின் சாப்பாடு பாதியாகி, பிறகு கால்வாசியானது. அண்ணன் போனில் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினான். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. போனை வைத்துவிட்டுக் குழாயைச் சரியாக மூடினேனா என்று பார்க்கப் போனேன்.

அடுத்த மாதம் ஒரு பீரோவுக்கு நான் எழுதிய அட்டையைக் கூடத்து மேற்பார்வை பார்ப்பவள் கிழித்துப் போட்டாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், கூடத்தில் எல்லோருக்கும் அவள் 'பூதக்கண்ணாடி'. கண்ணில் படாத இழுப்பறைப் பக்கங்களுக்கு எந்தத் தச்சனும் மலிவு மரத்தைத்தான் போடுவான், மேல்பலகையின் குறுக்குவெட்டைப் பார்க்க வேண்டும் என்றாள். "செருப்பைப் பாத்து வயசு சொல்றீங்களேக்கா" என்று கேலியும் செய்தாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மேசையைச் சுவரிலிருந்து நகர்த்தி, மேல்பலகையின் பின்னோரத்தைச் சுரண்டினேன். கருஞ்சிவப்புத் தூள் உதிர்ந்தது. கறுப்புக் கோடுகள், மெல்லிய இனிப்பு வாசனை. சந்தேகமே இல்லை. அம்மா வந்து பக்கத்தில் நின்றாள்.

"அப்பா சொன்னது நிஜம்மா. நான்தான் தப்பான இடத்துல பாத்துட்டேன்."

அம்மா அந்தத் தூளை விரலால் தொட்டு முகர்ந்தாள்.

"அப்போ அவருக்கு வலிச்சிருக்காது, இல்ல?"

அந்தக் கடைசி வாரம், மத்தியானங்களில் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து குளிக்க வீட்டுக்குப் போகும் இரண்டு மணி நேரமும் அப்பா துண்டைக் கடித்துக்கொண்டு கிடப்பார். அவள் வரும் நேரமானால், முகத்தைத் துடைத்துவிடச் சொல்லி என்னிடம் ஜாடை காட்டுவார்.

"வலிச்சிருக்காதும்மா" என்றேன்.

அம்மா இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். அவள் வயிறு நிறையச் சாப்பிட்டு முடிக்கும்வரை நானும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன்.