நான்கு துளைகள்

"ஸ்வல்ப, இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடி பாஞ்சாலி, ரோட்டுலேர்ந்து தெரியுது" என்றாள் வேதநாயகி அத்தை.

பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி பழைய சேலையை மறைப்பாக உயர்த்தினாள். ஜோகுபாளையத்து வீட்டின் பின்பக்கம், குழாயடியில் போட்ட பெஞ்சின் மேல் அம்மா கிடந்தாள். இளவேனில் வாளியிலிருந்து தண்ணீர் மொண்டாள். பச்சைத் தண்ணீர். அம்மா பச்சைத் தண்ணீரில் குளித்ததே இல்லை.

அம்மாவின் வயிற்றையும் அவள் இதுவரை பார்த்ததில்லை. தொப்புளுக்குக் கீழே ஒரு சாண் தழும்பு. இருபுறமும் தையல் குறிகள் பூரான் கால்களைப் போல.

"உன்ன எடுத்த எடம்டி" என்றாள் அத்தை. "எழுபத்தாறுல. கத்தி, கத்தரி எல்லாம் தண்ணில வேக வெச்சு எடுப்பாங்க. உங்கம்மா ஜகதா ஒரு மாசம் எழுந்துக்கல."

மேலே நான்கு சின்ன பிளாஸ்திரிகள். அத்தை ஒன்றை நகத்தால் உரித்தாள். அடியில் ஒரு சிறு கீறல்.

"இதுலயா பித்தப்பைய எடுத்தாங்க? எலி கடிச்சாப்ல இருக்கு. இதுக்கா போயிட்டா?"

"சும்மா இருங்கக்கா. ஹார்ட் அட்டாக்னுதானே காலைல வந்த டாக்டர் சொன்னாரு" என்றாள் பாஞ்சாலி.

போன மாதம் ஆஸ்பத்திரியில் டாக்டர் மேசை மேல் ஒரு நீளக் கம்பியை வைத்துக் காட்டினார். பின்னல் ஊசி போல இருந்தது; நுனியில் குருவி அலகு போல ஓர் இடுக்கி.

"கத்தி எங்க டாக்டர்?" என்று அம்மா கேட்டாள்.

"அந்தக் காலம் போச்சும்மா. வயித்துல கேஸ் அடைச்சு உப்ப வைப்போம். கேமராவ விட்டு டிவில பார்த்துக்கிட்டே செய்யறது."

அம்மாவுக்கு மனசில்லை. பி.எஸ்ஸி. விலங்கியல் படித்த இளவேனில்தான் காகிதத்தில் படம் போட்டுக் காட்டிச் சம்மதிக்க வைத்தாள். மூணாம் நாள் வீட்ல இருப்பம்மா என்றாள். சொன்னபடியே நேற்று மூன்றாம் நாள். அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

சாயங்காலம், "தோள் வலிக்குதுடி" என்றாள்.

இளவேனில் ஆஸ்பத்திரியில் கொடுத்த இங்கிலீஷ் தாளில் அதைப் படித்திருந்தாள். "அந்த கேஸ்தாம்மா. ரெண்டு நாள்ல போயிடும்."

"வயித்துல அடைச்சது தோளுக்கு எப்படிடி போகும்?"

"வலிதாம்மா போகும். ரெண்டுக்கும் ஒரே நரம்பு."

"படிச்சவ சொல்ற" என்று அம்மா படுத்துக்கொண்டாள். காலையில் காப்பியோடு போனபோது எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு இளவேனில் அந்தத் தாளை நான்கு முறை படித்துவிட்டாள். பெரும்பாலும் வலது தோளில் வலிக்கும் என்றுதான் போட்டிருந்தது. எந்தத் தோள் என்று அவள் அம்மாவைக் கேட்கவில்லை.

"நிக்கிறியே இளா. தோளெல்லாம் தேச்சு விடு" என்றாள் அத்தை.

வலது தோளை முதலில் தொட்டாள். வெறும் தோல், குளிர்ந்திருந்தது. சோப்புப் போட்டுக் கழுவினாள். மெதுவாகக் கழுவினாள். பிறகு மறுபக்கம் போனாள்.

இடது தோள் பிசுபிசுத்தது. தோளிலிருந்து முழங்கை வரை அம்மா தானே தைலம் தேய்த்திருந்தாள்.

"என்னடி தைல வாசனை?" என்றாள் பாஞ்சாலி, சேலைக்கு அந்தப் பக்கமிருந்து.

இளவேனில் செம்பு நிறைய மொண்டு ஊற்றினாள்.

"போதும்டி, வாளி காலியாகப் போகுது" என்றாள் அத்தை.

இன்னொரு செம்பு ஊற்றினாள். தண்ணீர் அந்தத் தோளில் ஒட்டாமல், முத்து முத்தாக நின்று, உருண்டு கீழே போயிற்று.